சீரியல் கொரியன் போதாது

சொங்நாம், தென்கொரியா

அன்புள்ள கயல்,

அம்மாவும் நீயும் நலந்தானே? இங்கே குளிர் இன்னும் விடவில்லை.

சீரியல் பார்த்தே கொரிய மொழி வந்துவிட்டது, வரலாற்று ஆய்வுக்கு அது போதாதா என்று கேட்டிருந்தாய். போதாது. கொரிய அரசு உதவித்தொகையில் வருபவர்களுக்கு முதல் ஓராண்டு மொழிப்பயிற்சி. டோபிக் எனும் கொரிய மொழித் தேர்வில் 3ஆம் நிலை தேறாமல் பட்டப்படிப்புக்குள் விடமாட்டார்கள். வகுப்பில் வாதாட உச்சமான 6ஆம் நிலையே வேண்டும், அதாவது 300க்கு 230.

அதற்கப்புறம்தான் வேலையே. கொரியாவை ஆண்ட ஜோசன் வம்ச அரசின் ஆவணங்கள் பெரும்பாலும் ஹன்முன் எனும் செவ்வியல் சீனத்தில் இருக்கின்றன. அரசர்களின் ஆட்சிப் பதிவான சில்லோக், இன்றைய கொரிய மொழிபெயர்ப்போடு இணையத்தில் இலவசம். எல்லாரும் அதிலேயே தேடி எழுதுவதால் ஆய்வேடுகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. நீ மூலத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள். அரசச் செயலகத்தின் நாட்குறிப்பில் 1623க்குப் பிந்தையதே எஞ்சியிருக்கிறது. இருந்தும் அது சில்லோக்கைவிடப் பல மடங்கு பெரிது, மொழிபெயர்ப்பும் முடியவில்லை. புதிதாகச் சொல்ல விஷயம் அங்கேதான் கிடக்கிறது.

புதியவர்கள் சறுக்குவது தேதியில். நம் பிரபவ, விபவ போல அங்கும் அறுபதாண்டுச் சுற்று. வெறும் 'இம்ஜின்' என்றிருந்தால் 1532, 1592, 1652 எதுவாகவும் இருக்கலாம். தாளில் வரும் பதவிப் பெயர்களை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆட்சியாண்டு பொதுவாக முடிசூடிய மறுவருடத்திலிருந்து தொடங்கும்: மன்னர் செஜோங் 1418இல் ஏறினார், 25ஆம் ஆண்டு 1443. முந்தைய அரசரைக் கவிழ்த்துவிட்டு வந்த மன்னர் ஜுங்ஜோங் போன்றவர்களுக்கு ஏறிய ஆண்டே முதலாண்டு, அவருக்கு 1506. மாதமோ சந்திரக் கணக்கு. கொரிய எழுத்தான ஹங்குல் உருவானதைப் பற்றிய சில்லோக் குறிப்பு 1443இன் 12ஆம் மாதத்தில் வருகிறது. நம் நாட்காட்டியில் அது 1444 ஜனவரி. 1896 ஜனவரி 1 முதல்தான் சூரிய நாட்காட்டி.

சமூக வரலாறு என்றால் ஹோஜொக், மூன்றாண்டுக்கொருமுறை எடுத்த குடும்பப் பதிவேடு. அதில் பிறந்ததும் வயது ஒன்று, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். சிறு குழந்தைகள் பலர் பதிவாகவே இல்லை, அதனால் மக்கள்தொகையை நேரடியாகக் கூட்டிவிடாதே. வரிக்கும் படைப்பணிக்கும் பயந்து சமூகத் தகுதியை உயர்த்தி எழுதிக்கொண்டவர்களும் உண்டு.

ஜப்பான் கொரியாவை ஆண்ட 1910–1945 காலத்தைத் தொட்டால் ஜப்பானியமும் கற்க வேண்டியிருக்கும்.

கடல் கடந்து வந்து கொரிய அரசரை மணந்ததாகச் சொல்லும் அயுத்த நாட்டு இளவரசி தமிழச்சிதானே என்று மாமா கேட்பார். கி.பி. 48இல் நடந்ததாகச் சொல்லும் அந்தக் கதை, 13ஆம் நூற்றாண்டின் சம்குக் யுசா எனும் நூலில்தான் இருக்கிறது என்று சொல். ஆதாரமாக நான் எடுக்கமாட்டேன்.

படிப்பாண்டு மார்ச்சில் தொடங்கும். அதற்குள் சீன எழுத்து 1000 பழகிவிட்டு வா, மீதி இங்கே பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா