கைக்குழந்தையுடன் ஊருக்குப் புறப்படுமுன்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினால் சிங்கப்பூரிலிருந்து திருச்சி, சென்னை போகும் விமானங்களில் கைக்குழந்தைகள் கூடிவிடும். மொட்டை, காதுகுத்து, குலதெய்வத்துக்குப் பொங்கல், இல்லையென்றால் கொள்ளுப்பாட்டி கண்ணால் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்ற ஆசை. முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் பெற்றோர் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: விமானத்தில் அழுதால் என்ன செய்வது? பறக்கும் நேரம் ஏறக்குறைய 4 மணி. அந்த 4 மணி நேரத்துக்குத்தான் எல்லாரும் தயாராகிறார்கள். குழந்தை உண்மையில் அவதிப்படுவதும் நோயில் விழுவதும் அதற்கு முன்னும் பின்னும்தான்.

டிக்கெட் எடுத்த பிறகு தடுப்பூசியைப் பற்றி யோசிப்பது தலைகீழான வேலை. சிங்கப்பூர் அட்டவணைப்படி, கக்குவான் இருமல் உட்பட ஆறு நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி 2, 4, 6 மாதங்களில் போடப்படுகிறது. தட்டம்மைக்கான எம்எம்ஆர் ஊசி 12 மாதத்தில்தான் தொடங்குகிறது. ஆக, 3 மாதத்தில் ஊருக்குப் போகும் குழந்தைக்குக் கக்குவான் இருமலுக்கு எதிராக ஒரே ஒரு ஊசிதான் போட்டிருக்கும். தட்டம்மைக்கு ஊசியே இல்லை. அந்தக் குழந்தையைத்தான் வீடு நிறைய உறவுக்காரர்கள் மாற்றி மாற்றித் தூக்கிக் கொஞ்சப்போகிறார்கள். தவிர்க்க முடியாத காரணம் இல்லையென்றால் 6 மாத ஊசி முடியும்வரை பொறுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மொட்டைக்கு ஒற்றைப்படை மாதம் பார்ப்பது நம் வழக்கம்தானே. 7, 9, 11 என்று நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தின் பக்கத்தில் ஊசி அட்டையையும் விரித்து வைத்துக்கொள்ளலாம்.

6 மாதம் நிறைந்த குழந்தை தட்டம்மை பரவும் நாட்டுக்குப் போவதாக இருந்தால், 12 மாதம்வரை காத்திராமல் ஒரு எம்எம்ஆர் ஊசியை முன்கூட்டியே போடலாம். ஆனால் அது கணக்கில் சேராது. திரும்பி வந்து, வழக்கமான இரண்டு ஊசிகளையும் உரிய மாதங்களில் போட்டே ஆக வேண்டும். சளிக்காய்ச்சல் தடுப்பூசியும் 6 மாதத்திலிருந்துதான். முதல் முறை என்றால் 4 வாரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தை 15 வாரத்துக்குள் தொடங்காவிட்டால் பிறகு தொடங்க மாட்டார்கள். எந்த ஊசிக்கும் உடலில் பலன் பிடிக்கச் சுமார் 2 வாரம் ஆகும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பயணத்துக்கு 6 முதல் 8 வாரம் முன்பே பலதுறை மருந்தகத்திலோ குழந்தை மருத்துவரிடமோ போய் நிற்க வேண்டும் என்று தெரியும். டைஃபாய்டு ஊசி பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆவண வேலையில் பலரும் தடுமாறும் இடம் படமும் பெயரும். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர் படம். இந்திய மின்விசாவுக்குச் சதுரப் படம். ஒன்றை வெட்டி மற்றதற்கு அனுப்பினால் தலை துண்டாகிவிடும். பால் குடித்து முழித்திருக்கும் நேரத்தில், சன்னல் வெளிச்சத்தில், சுருக்கமில்லாத வெள்ளைத் துணியில் குழந்தையைக் கிடத்தி நேர் மேலிருந்து எடுங்கள். சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுத்தால் அதே படத்தை இரண்டு அளவுக்கும் வெட்டிக்கொள்ளலாம். தாங்கும் கை, ரப்பர்க் காம்பு, கன்னத்தில் விழும் நிழல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் படம் திரும்பி வரும். பெயரில் எஸ்/ஓ, டி/ஓ இருந்தால் விமான நிறுவன இணையத்தளம் சாய்கோட்டை ஏற்காது. கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கடப்பிதழில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்யுங்கள். மடியில் இருக்கும் பிள்ளைதானே என்று விசாவை விட்டுவிட முடியாது. சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்றால் அதற்கும் தனி விசா அல்லது இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வேண்டும். சிங்கப்பூருக்குத் திரும்பும்போது நிரப்பும் மின்னியல் வருகை அட்டையிலும் குழந்தையின் பெயர் இருக்க வேண்டும். குழந்தை குடியுரிமை பெறாததாக இருந்தால், மீண்டும் உள்ளே வருவதற்கான அனுமதி கையில் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

2 வயது நிறையும்வரை மடியில் வைத்துப் போகலாம். பயணத்தின் நடுவில் பிறந்தநாள் வந்தால் திரும்பும் விமானத்தில் தனி இருக்கை வாங்க வேண்டும். சுவரில் மாட்டும் தொட்டில் எல்லா விமானத்திலும் கிடையாது. மலிவுக் கட்டணச் சேவைகளில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் எடை வரம்பு உண்டு. விமானம் குலுங்கும்போது குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக் கட்டச் சொல்வார்கள். தொட்டில் கிடைக்கவில்லை என்றால் கவலைப்பட வேண்டியதில்லை, 4 மணி நேரம் மடியே போதும்.

காது வலிக்குக் காரணம் அழுத்த மாற்றம். மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்கு மெலிந்தது. உறிஞ்சும்போதும் விழுங்கும்போதும்தான் அது திறக்கும். ஏறும்போதைவிட இறங்கும்போது வலி அதிகம். இருக்கையில் உட்கார்ந்ததும் பால் கொடுத்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. கதவு மூடி, நகர்ந்து, வரிசையில் நின்று கிளம்புவதற்குள் வயிறு நிறைந்து குழந்தை தூங்கிவிடும். விமானம் ஓடுபாதைக்குத் திரும்பும்வரை பொறுத்துக் கொடுங்கள். அடுத்த பாலை, தரையிறங்க அரை மணி நேரம் இருக்கையில், இறக்கம் தொடங்கும்போது கொடுங்கள். தூங்கினாலும் மெல்ல எழுப்பிவிடுங்கள். மூக்கு அடைத்திருந்தாலோ காதில் சீழ் இருந்தாலோ மருத்துவரைப் பார்க்காமல் ஏறக் கூடாது. தூங்க வைப்பதற்காகச் சளி மருந்து கொடுக்கும் பழக்கம் ஆபத்தானது. மூச்சுத் திணறும், சில பிள்ளைகள் தூங்குவதற்குப் பதில் படபடவென்று துடிக்கும்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய் இருந்தால் போதும். புட்டிப்பால் என்றால் கணக்குப் போட வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பி விமான நிலையத்தில் 3 மணி நேரம், பறப்பது 4 மணி, அங்கே குடிநுழைவும் பெட்டியும் ஒன்றரை மணி, பிறகு சாலை. திருச்சியில் இறங்கிப் புதுக்கோட்டை போக ஏறக்குறைய ஒரு மணி. சென்னையில் இறங்கி விழுப்புரம் போக ஏறக்குறைய மூன்று மணி. மொத்தம் 10 முதல் 12 மணி நேரம். மூன்று மணிக்கு ஒரு பால் என்றால் நான்கு, தாமதத்துக்கு இரண்டு சேர்த்து ஆறு வேளைக்கான மாவைத் தனித்தனி டப்பாவில் அளந்து வையுங்கள். டயப்பர் இரண்டு மணிக்கு ஒன்று என்று ஆறு, மேலே மூன்று. குழந்தைக்கு இரண்டு மாற்றுடை, அம்மாவுக்கும் ஒரு மேல்சட்டை. கக்கும் பால் இருவர் மேலும்தான் விழும்.

பால்மாவு கிருமி நீக்கப்பட்டதல்ல. அதனால்தான் 70 பாகை செல்சியஸுக்குக் குறையாத சூட்டுத் தண்ணீரில் கலக்க வேண்டும் என்கிறார்கள். விமானத்தில் தரும் வெந்நீர் எவ்வளவு சூடு என்று யாருக்கும் தெரியாது. கொதித்த நீரை நல்ல ஃபிளாஸ்க்கில் கொண்டுபோவதே மேல். சாங்கி விமான நிலையத்தில் முனையம் 1, 2, 3 மூன்றிலும் கைப்பைச் சோதனை விமானம் ஏறும் வாயிலின் முகப்பில் நடக்கிறது, குடிநுழைவு தாண்டியதும் அல்ல. முனையம் 4 மட்டும் வேறு. அதனால் முதல் மூன்று முனையங்களில், உள்ளே குழந்தைப் பராமரிப்பு அறையில் நிரப்பிய தண்ணீரும் சோதனைக்கு வரும். குழந்தைப் பாலுக்கும் உணவுக்கும் 100 மில்லிலிட்டர் விதியில் விலக்கு உண்டு. ஆனால் பையின் அடியில் புதைத்து வைக்காமல் பால்மாவோடு சேர்த்து வெளியே எடுத்துக் காட்டுங்கள். கலக்கும்போது குழந்தை அடுத்தவர் மடியில் இருக்கட்டும். ஒரு குவளையில் பனிக்கட்டித் தண்ணீர் கேட்டு வாங்கிப் புட்டியை அதில் நிறுத்தி, மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

தரையிறங்கியதும் எல்லாரும் ஒரு பெருமூச்சு விடுகிறோம். என் கணக்கில் பயணத்தின் ஆபத்தான பகுதி அங்கேதான் தொடங்குகிறது. இங்கே குழந்தை இருக்கை இல்லாமல் சொந்தக் காரை எடுக்காதவர்கள், அங்கே நள்ளிரவில் நெடுஞ்சாலையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகிறார்கள். பின்னோக்கிப் பொருத்தும் இருக்கையைக் கூடவே கொண்டுபோகலாம். பல விமான நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே வாடகைக் கார்கள் பலவற்றில் இருக்கை உறைக்கு அடியில் பின் இருக்கை வாரின் கொக்கி புதைந்து கிடக்கும். நாக்கு தொங்கும், செருக இடம் இருக்காது. வண்டி பேசும்போதே, "பின் சீட் பெல்ட்டை வெளியே எடுத்து வைங்கண்ணே" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டால் நடுராத்திரியில் உறையைக் கிழிக்க வேண்டியிருக்காது.

அடுத்ததைப் பெரிய எழுத்தில் அச்சிட்டாலும் தகும். காய்ச்சல் மருந்தான பாரசிட்டமால் சிரப் இங்கே பொதுவாக 5 மில்லிலிட்டரில் 120 அல்லது 250 மில்லிகிராம். இந்தியாவில் அதே பெயரில், அதே படம் போட்ட அட்டையில், துளி மருந்து விற்கிறார்கள். அதில் ஒரே 1 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம். 8 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், ஒரு வேளை 120 மில்லிகிராம். இங்குள்ள 120 சிரப்பில் அது 5 மில்லிலிட்டர். அந்தத் துளி மருந்தில் 1.2 மில்லிலிட்டர்தான். "எப்போதும் 5 கொடுப்போம்" என்று அதில் 5 கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போகும், நாலு மடங்குக்கு மேல். கல்லீரல் தாங்காது. வழக்கமான மருந்தையும் அதை அளக்கும் ஊசிக்குழலையும் இங்கிருந்தே கொண்டுபோங்கள். நம் மருந்தகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: குழந்தை மருந்துச் சீட்டில் மில்லிலிட்டரோடு மில்லிகிராமையும் குழந்தையின் எடையையும் தமிழிலும் அச்சிட்டுத் தாருங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகை வந்தால் மருந்து கொடுத்துக் காத்திராமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்பத்தாவும் அம்மாச்சியும் அன்பாகத்தான் செய்வார்கள். ஆனால் நாக்கில் தடவும் தேன், ஒரு வயதுக்குள் குழந்தைக்கு நரம்பைத் தளர்த்தும் நஞ்சாகலாம். சங்கில் ஊற்றும் கழுதைப்பால், உரைத்த வசம்பு, கண்ணுக்கு மை எதுவும் வேண்டாம். வெயிலுக்குத் தாகம் எடுக்குமே என்று 6 மாதத்துக்கு முன் தண்ணீர் கொடுப்பார்கள். அது வேண்டாம். தாய்ப்பாலிலேயே போதிய நீர் இருக்கிறது, கூடுதலாக ஒரு முறை பால் கொடுத்தால் சரி. இதை வாசலில் போய் நின்று சொன்னால் மனம் புண்படும். இரண்டு வாரம் முன்பே தொலைபேசியில், டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். கொசுவுக்கு வலைதான் முதல் காவல். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டீட் என்ற கொசுவிரட்டி கலந்த பூச்சு கூடாது. மொட்டைக்குப் புது பிளேடு, உங்கள் கண்முன் பிரித்தது.

ஊரிலிருந்து வந்த சில வாரங்களில் காய்ச்சல் கண்டால், அதை வெறும் பயணக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். டெங்கி, டைஃபாய்டு, மலேரியா மூன்றும் வந்து சேர்ந்த பிறகு தலைகாட்டக்கூடியவை. ஊருக்குப் போய் வந்ததைச் சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அது தோன்றாமலும் போகலாம். கிளினிக்கில் உட்கார்ந்ததும் இந்தியாவில் எந்த ஊர், எத்தனை நாள், என்றைக்குத் திரும்பினீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைநலத் தாதி ஒருவர்,
ஈசூன்.