பத்தியைப் படித்தாயிற்று, அது என்ன சொல்கிறது?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது ஒரு பத்தியைப் படித்துவிட்டு அதன் மையக்கருத்து என்ன, அதற்குத் துணையாக வரும் விவரங்கள் எவை என்று பிரித்துச் சொல்லப் பழகி வருகிறார்கள். கேட்கச் சின்ன வேலை மாதிரிதான் இருக்கும். ஆனால் தடங்கலே இல்லாமல் கடகடவென்று வாசிக்கிற பிள்ளைகூட, புத்தகத்தை மூடிவிட்டு "சரி, இதில் என்ன சொல்லியிருக்கிறார்கள்?" என்று கேட்டால் முழிக்கிறது, இல்லையென்றால் கடைசியாகப் படித்த வரியை அப்படியே ஒப்பிக்கிறது.

வகுப்பில் கொடுத்த ஒரு பத்தி இது. நீங்களும் படித்துப் பாருங்கள்:

"ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு, தீனி கிடைக்காத நாட்களில் அதுதான் கைகொடுக்கும். மணல்காற்று வீசினால் மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளும். நீண்ட இமைமுடி கண்ணில் தூசு விழாமல் தடுக்கும். பாதம் அகன்றிருப்பதால் மணலில் கால் புதையாது. ஒற்றைத் திமில், இரட்டைத் திமில் என ஒட்டகத்தில் இரண்டு வகை உண்டு. தண்ணீரைக் கண்டால் ஒரே மூச்சில் 100 லிட்டர்கூடக் குடித்துவிடும்."

மையக்கருத்து என்ன என்று கேட்டால் பாதிப் பேர் "ஒட்டகம்" என்பார்கள். அது பத்தி எதைப் பற்றியது என்பதற்கான பதில், அவ்வளவுதான். இன்னும் சிலர் திமிலில் தண்ணீர் இல்லை என்பதைப் பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் அதுதான் புதுச் செய்தி, அதுவும் முதல் வரியிலேயே இருக்கிறது. "முதல் வரிதான் மையக்கருத்து" என்று யாரோ சொல்லிக்கொடுத்த சூத்திரம் பல பிள்ளைகளிடம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அது பல இடங்களில் பலித்தும்விடும், அதனால்தான் அதை விடவைப்பது இவ்வளவு பாடாக இருக்கிறது. மையக்கருத்து கடைசி வரியில் வரலாம், நடுவில் வரலாம், இந்தப் பத்தியில் போல எங்குமே எழுதப்படாமலும் இருக்கலாம். ஒட்டகத்தின் உடல் பாலைவனத்தில் பிழைப்பதற்கு ஏற்றதாக இருக்கிறது என்பதுதான் இங்கே விடை, ஆனால் பாலைவனம் என்ற சொல்கூட அதில் இல்லை, பிள்ளை எல்லா வரிகளையும் சேர்த்துப் பார்த்துத் தானாக அங்கே வந்து சேர வேண்டும்.

அப்புறம் அந்த இரண்டு வகை வரி. தகவல் சரிதான், ஆனால் இந்தப் பத்திக்கு அது துணை விவரம் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: மையக்கருத்தைச் சொல்லிவிட்டு "எப்படி?" என்று கேட்கச் சொல்லுங்கள். உடல் பாலைவனத்துக்கு ஏற்றது, எப்படி? மூக்கை மூடிக்கொள்ளும், கால் புதையாது. பதில் பொருந்துகிறது. இரண்டு வகை உண்டு என்பது அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. பத்தியைப் பொறுத்து "எப்படி?" என்பது "ஏன்?" ஆகலாம், "எதை வைத்துச் சொல்கிறாய்?" ஆகலாம்.

வீட்டில் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். ஐந்தாறு வரிப் பத்தி ஒன்று போதும், பாடப்புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முதலில் "இது எதைப் பற்றி?", பிறகு "அதைப் பற்றி என்ன சொல்கிறது?" என்று கேளுங்கள், இரண்டாவதற்கு ஒரு முழு வாக்கியமாகப் பதில் வரட்டும். தவறாகச் சொன்னால் உடனே விடையை எடுத்துக் கொடுக்காமல், எந்த வரியைப் பார்த்து அப்படிச் சொன்னாய் என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், பெரும்பாலும் அதைத் தேடிப் போகும்போதே பிள்ளை தானே மாற்றிச் சொல்லிவிடும். வண்ணப் பேனாவைக் கையில் கொடுத்தால் பத்தி முழுக்க அடிக்கோடு போட்டு வைக்கிறார்கள், அதனால் ஒரு பத்திக்கு ஒரு கோடுதான் என்று சொல்லிவிடுங்கள். வழிகாட்டி நூலில் இருக்கும் விடையை மனப்பாடம் செய்யவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், அடுத்த பத்திக்கு அது எதற்கும் உதவாது.

கதைப் புத்தகங்களை இதில் இழுக்காதீர்கள். ஆசையாகப் படிக்கிற பிள்ளையை நிறுத்தி நிறுத்தி மையக்கருத்து கேட்டால் நாளைக்கு அந்தப் புத்தகத்தைத் தொடவே மாட்டார்கள்.

திங்கட்கிழமை வாசிப்பு நோட்டு வீட்டுக்கு வரும். பிழைகளை நீங்கள் திருத்த வேண்டாம், பிள்ளை எழுதியது அப்படியே இருந்தால்தான் எங்கே தடுமாறுகிறது என்று ஆசிரியருக்குத் தெரியும். கையெழுத்து மட்டும் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்