உப்பு நிலத்துக்கு எந்தக் கன்று?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வகக் குடுவையில் வளர்த்தெடுக்கும் திசு வளர்ப்புக் கரும்புக் கன்றுகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நோயற்ற கன்று, சீரான தூர் என்று எழுதியதெல்லாம் சரிதான். போகிற போக்கில் “உவர் நிலத்துக்கும் ஏற்றது” என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதை நம்பி யாரும் பணம் கட்டிவிடக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

கடலூர் மாவட்டத்தில் கடற்கரையை ஒட்டிய ஊர் எங்களுடையது. சித்திரை பிறந்தால் வயலின் பார் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். வெறுங்காலில் மிதித்தால் பொரபொரவென்று நொறுங்கும். கரணை, அதாவது விதைக்கரும்புத் துண்டு நட்டால், அதிலுள்ள முளைப்பருக்களில் பத்துக்கு நான்கு முளைக்காது. முளைத்ததும் தோகை நுனியில் தொடங்கி ஓரமாகவே கருகிக்கொண்டு வரும். கணுக்கள் நெருங்கிக் கரும்பு குட்டையாக நின்றுவிடும். வெல்லம் காய்ச்சினாலோ நாக்கில் இனிப்பு அடங்கியதும் கரிப்பு தட்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், உப்பைத் தாங்கும் என்று சொல்லி விற்ற திசு வளர்ப்புக் கன்றுகளைக் குழித்தட்டோடு வாங்கி ஒரு ஏக்கரில் நட்டேன். மாசி வரை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கோடையில், பக்கத்து வயலில் கரணை போட்ட அதே கோ 86032 ரகம் எப்படிக் கருகியதோ அப்படியே இதுவும் கருகியது.

ஏன் என்று பிறகுதான் விளங்கிக்கொண்டேன். விற்பனைக்கு வரும் கன்று, தாய்க்கரும்பின் குருத்துத் திசுவிலிருந்து எடுப்பது. தாயின் குணம்தான் அதற்கும். மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 1.7 டெசிசீமனைத் தாண்டினாலே விளைச்சல் சரியத் தொடங்கும் பயிர் கரும்பு. தாய் தாங்காத உப்பைப் பிள்ளை எப்படித் தாங்கும்?

உப்புக்காகச் செய்யும் திசு வளர்ப்பு முற்றிலும் வேறு வேலை. இளம் தோகைச் சுருளை நறுக்கி, ‘கேலஸ்’ எனப்படும் உருவமற்ற செல் திரளாக வளர்க்கிறார்கள். அந்த நிலையில் செல்களுக்குள் மாறுதல்கள் தாமாகவே நேர்கின்றன. காமாக் கதிர் பாய்ச்சி அதைக் கூட்டுவதும் உண்டு. பிறகு செல்கள் வளரும் சத்து ஊடகத்தில் சோடியம் குளோரைடை, அதாவது உப்பைப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். பெரும்பாலானவை பழுப்பேறிச் சாகும். பிழைத்ததிலிருந்து செடியை உருவாக்குகிறார்கள். கோயம்புத்தூரில் கலப்பு செய்து கடலூரில் தேர்ந்தெடுத்த கோக 671 ரகத்தின் திசு வளர்ப்பில் நேர்ந்த இத்தகைய மாறுதலில் கிடைத்ததுதான் மகாராஷ்டிரத்தில் ‘புலே சாவித்திரி’ என்ற பெயரில் பரவிய கோ 94012. அது சர்க்கரைச் சத்துக்காகப் பேர் வாங்கிய ரகம். ஆனாலும் இந்த வழியில் வயலுக்கு ஒரு ரகம் வர முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

குடுவையில் பிழைத்த செல் எல்லாம் வயலில் பிழைப்பதில்லை. சில, உப்புக்குப் பழகியிருக்குமே தவிர மாறியிருக்காது. உப்பில்லாத ஊடகத்துக்கு மாற்றி வளர்த்தால் அந்தத் தாங்குதிறன் போய்விடும். குடுவையில் வேர் இல்லை, சித்திரை வெயில் இல்லை, மறுதாம்பும் இல்லை. எங்களுக்கு, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி வளரும் அந்த மறுதாம்புதான் முக்கியம். நடவுச் செலவு இல்லாமல் கையில் நாலு காசு நிற்பது அதில்தான். முதல் பயிரில் தேறிய செடி, உப்பு இன்னும் ஏறிய மண்ணில் கட்டையிலிருந்து மறுபடி வெடித்து வருகிறதா என்று பார்க்காமல் அதற்கு உப்பு தாங்கும் என்று பெயர் வைப்பது தவறு.

1912 முதல் கோயம்புத்தூரில் இயங்கும் கரும்பு இனப்பெருக்க நிறுவனமும் வேளாண் பல்கலைக்கழகமும் இந்தத் தேர்வுச் செடிகளைக் கடலோரக் கிராமங்களில், உப்புத் தண்ணீர் பாயும் வயல்களிலேயே, மறுதாம்பு வரை வைத்துப் பார்க்க வேண்டும். கன்று விற்பவர்கள் எந்த ரகம், எந்த அளவு உப்பில் சோதித்தது என்பதைத் தட்டிலேயே எழுதி ஒட்ட வேண்டும் என்று அரசு விதி செய்ய வேண்டும். தங்கள் இதழ் இதை எடுத்து எழுதினால் நன்றியுடையவனாவேன். சோதனைக்கு என் நிலத்தில் அரை ஏக்கர் தருகிறேன். மண், தண்ணீர் இரண்டின் பரிசோதனை அறிக்கையும் என்னிடம் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு கரும்பு விவசாயி,
கடலூர் மாவட்டம்.