கல்லுச் செக்குப் பாதுகாப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மாரே, வணக்கம்.

நிர்வாகசபை ஒழுங்காகக் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் செக்கைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது.

மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஒருகாலத்தில் தண்ணீர் விழுந்தே சக்கரம் சுழன்றது. எங்கள் வன்னியோ சமதரை, தண்ணீர் விழ இடமில்லை. இரணைமடுவானாலும் வவுனிக்குளமானாலும் குளத்துத் தண்ணீர் வயலுக்குத்தான். எள்ளும் இலுப்பங்கொட்டையும் ஆட்ட இங்கே மாடுதான் சுற்றியது. 2009 இடப்பெயர்வில் கூரை, கதவு, சாமான் எல்லாம் போயிற்று. ஊர் திரும்பியபோது செக்குரல் மட்டும் பற்றைக்குள் கிடந்தது. தூக்கிப் போக எவராலும் முடியாத கல் அது.

கொட்டிலுக்குப் புதுக்கிடுகு வேய்ந்தாயிற்று. தகரம் போடலாம் என்றார்கள் சிலர். கோடை வெயிலில் தகரத்தின் கீழ் மாடு எப்படிச் சுற்றும்? கிடுகே சரி.

இந்த ஆண்டின் பெரிய வேலை உலக்கைதான். ஆட்டாமல் காட்சிக்கு மட்டும் வைத்ததால் பழைய உலக்கை காய்ந்து வெடித்துவிட்டது. எண்ணெய் படாத மரம் அப்படித்தான். முதிரை மரத்தில் புதிது செய்தோம். உரலின் குழிக்கு முனை பொருந்தும்வரை ஆசாரியார் சீவிச் சீவிப் பார்த்தார்.

அப்புறம் எள் ஆட்டினோம். எள் முதலில் மாவாயிற்று, பிறகு பசையாயிற்று. எண்ணெய் வரவேயில்லை. செக்காட்டும் கைப்பழக்கமுள்ள எங்கள் பெரியவர் ஒரு துண்டுப் பனங்கட்டியைப் போட்டு, கொஞ்சம் சுடுதண்ணீர் தெளித்தார். சற்று நேரத்தில் புண்ணாக்கு உரலின் சுவரோடு ஒட்ட, நடுவில் எண்ணெய் ஊறியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் விரலை விட்டு நக்கினார்கள். புண்ணாக்கு மாட்டுக்குப் போனது. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் வழியில் இறங்கிப் பார்த்தார்கள். வயதான அம்மாமார் வாசனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள்.

இப்போது குறை மாடுதான். லான்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரம் வந்தபின் நுகத்துக்குப் பழகிய மாடு ஊரில் அருமை. இரவல் மாடு வயலுக்கும் போக வேண்டும், செக்குக்கும் வர வேண்டும். மோட்டர் பூட்டலாம் என்று ஓர் உறுப்பினர் எழுதித் தந்திருக்கிறார். நல்ல எண்ணத்தில் சொன்னது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. மோட்டர் பூட்டினால் எண்ணெய் கிடைக்கும். மாட்டுக்குப் பின்னால் நடந்து, பாரம் கூட்டிக் குறைத்து ஆட்டும் கைப்பழக்கம் அந்தப் பெரியவரோடு போய்விடும்.

ஆகவே சங்கப் பணத்தில் ஒரு நாம்பன் (இளங்காளை) வாங்கி, பெரியவரிடமே இரண்டு இளைஞரைப் பழகவிட்டு, மாதம் ஒருமுறையாவது செக்கு ஆட்ட வேண்டும் என்ற தீர்மானத்தைச் சபையில் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவரை அழைக்கிறேன்.

செயலாளர்