சிக்னல் இல்லாத சென்னையும் இருக்கு சார்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

காசிமேட்டுல இருந்து ஒரு பழைய வாசகன் எழுதிக்கிறது. போன இதழ்ல "நெட் இல்லாமலே வாய்ஸ் டைப்பிங், ஒரே நிமிஷத்தில்"னு, போன்ல வாயால பேசினா அதுவே எழுத்தா விழுற வசதியைப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. அதுல நடுவுல ஒரு வரி. சென்னை மாதிரி பெருநகரத்துல இருக்கிறவங்களுக்கு இது பெருசா தேவைப்படாதாம், மலைக்கு டூர் போனா உதவுமாம். நல்லா இருக்கு சார். எழுதினவர் எந்த சென்னையில உக்காந்து எழுதினாருன்னு தெரியல. எங்க சென்னை, துறைமுகத்துக்கு வடக்கால இருக்கு, எங்க ஆளுங்க வேலை பாக்குற இடம் அதுக்கும் கிழக்கால தண்ணியில இருக்கு. கரையை விட்டு கொஞ்ச தூரம் தாண்டினா டவர் கட் ஆயிடும், அப்பால வயர்லெஸ்ஸும் ஜிபிஎஸ்ஸும்தான், கையில இருக்கிற போன் வெறும் டார்ச் லைட்டு.

நான் விசைப்படகுல டிரைவரா போனவன். முட்டி போனதுக்கு அப்புறம் கரையில கணக்கு பாக்குறேன், தங்கச்சி பையன் இப்போ கடலுக்குப் போறான். எத்தனை பாடு, அதாவது எத்தனை தடவை வலை விட்டோம், எந்த இடத்துல, சங்கரா எத்தனை பெட்டி, கணவா எத்தனை பெட்டி, டீசல் எவ்ளோ போச்சு, ஐஸ் எவ்ளோ மிச்சம்னு அப்பப்ப குறிச்சு வெச்சாதான் ஏலம் முடிஞ்சு பங்கு பிரிக்கிறப்போ வாய்த்தகராறு வராம இருக்கும். நோட்டுல எழுதினா ரெண்டாம் நாளே ஊறிப் போய் பக்கம் பக்கமா ஒட்டிக்கும். சரி போன்ல அடிக்கலாம்னா ஈரக் கையை ஸ்கிரீன் மதிக்காது, ஒரு எழுத்தைத் தொட்டா பக்கத்து எழுத்து விழும், இல்லன்னா தொடாமலே நாலு எழுத்து விழும், உப்புத் தண்ணியில வெடிச்ச விரலை வெச்சுக்கினு அந்த குட்டி கீபோர்டுல அடிக்கிறது இருக்கே, அதை உங்க ஏசி ரூமுல இருந்து யோசிச்சுப் பாக்கணும். வாயால சொன்னா எழுத்தா விழுறது எங்களுக்கு டூர் சமாச்சாரம் இல்ல சார், கணக்கு சமாச்சாரம்.

அதனாலதான் கட்டுரையைப் பக்கத்துல வெச்சுக்கினு வரி வரியா பண்ணிப் பாத்தோம். செட்டிங்ஸ், கீபோர்டு, வாய்ஸ் டைப்பிங், ஆஃப்லைன், எல்லாம் வந்துச்சு. மொழி லிஸ்ட்டைத் தொறந்தா இங்கிலீஷ் இருக்கு, இந்தி இருக்கு, தமிழைக் காணோம். கடைக்காரப் பையன் "மாடலுக்கு மாடல் மாறும்ணா, அடுத்த போன் எடுங்க"ன்னுட்டான், அவன் பொழப்பு அவனுக்கு. சந்தேகம் வந்து உங்க கட்டுரையில இருந்த படத்தையே கண்ணாடி போட்டு உத்துப் பாத்தேன். அதுல டவுன்லோடு ஆகிக்கினு இருக்கிறதும் இங்கிலீஷ்தான்! தமிழ்ப் பத்திரிகை, தமிழ் வாசகனுக்கு எழுதின கட்டுரை, "தமிழிலும் இதேபோல் செய்துகொள்ளலாம்"னு கடைசியில ஒரு வாக்கியம், அதை எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பண்ணிப் பாக்கக் கூடாதா?

இதுல எல்லாரும் குழம்புற இடம் ஒண்ணு இருக்கு, உங்களுக்குத் தெரியாதது இல்ல. தமிழ் கீபோர்டு போடுறது வேற, நெட் இல்லாம பேச்சைப் புரிஞ்சுக்க போனுக்குள்ள தமிழ் பேக்குன்னு ஒரு ஃபைலை இறக்குறது வேற. கீபோர்டுல தமிழைச் சேர்த்து மைக்கைத் தொட்டு பேசினா எழுத்து அழகா விழும், உடனே செட் ஆயிடுச்சுன்னு நெனச்சுக்குவோம். உண்மையில நம்ம பேச்சு நெட் வழியா எங்கியோ இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போய் அங்க இருந்து எழுத்தா திரும்பி வருது. பேக் உள்ள இருந்தாதான் போனே அந்த வேலையைப் பாக்கும், பேச்சும் வெளிய போகாது, டேட்டாவும் செலவாகாது. எதுல ஓடுதுன்னு தெரியணும்னா ஃபிளைட் மோட் போட்டு மைக்கைத் தொட்டா போதும், எழுத்து விழலன்னா நெட்டுலதான் ஓடிக்கினு இருந்துச்சுன்னு அர்த்தம். இந்த ஒரு வரி கட்டுரை முழுக்க எங்கியும் இல்ல. கரையில நெட்டோட பேசிப் பாத்துட்டு சரியா இருக்குன்னு கெளம்பிப் போறவன் நடுக்கடல்ல மைக்கைத் தொட்டு என்ன பண்ணுவான்? உங்க ஆபீசுக்கு போன் போடவும் அங்க சிக்னல் கிடையாது.

"புத்தம் புதிய வசதி"ன்னு வேற போட்டிருக்கீங்க. 2012லயே ஆண்ட்ராய்டு 4.1 வந்தப்போ ஆஃப்லைன் வாய்ஸ் டைப்பிங் வந்துடுச்சு, மொதல்ல அமெரிக்க இங்கிலீஷுக்கு. கூகுள் குரல் தட்டச்சுல தமிழைச் சேர்த்தது 2017 ஆகஸ்ட்ல, கூடவே தெலுங்கு, மலையாளம், கன்னடம் எல்லாம். 2019 மார்ச்ல பேச்சை எழுத்தாக்குற மாடலை, அதாவது அந்த வேலையைப் பாக்குற புரோகிராமை, 80 எம்.பி.க்குள்ள அடக்கி போன்லயே ஓட்டிக் காட்டினாங்க, அதுவும் அமெரிக்க இங்கிலீஷுக்குத்தான் மொதல்ல. எப்பவும் அவங்களுக்கு முன் பந்தி, நமக்குக் கடைசி பந்தி. எங்க ஏரியாவுக்கு இது பழகிப் போச்சு. 1856ல தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயிலே எங்க ராயபுரத்துல இருந்துதான் கெளம்புச்சு, ஆனா கோயம்பேட்டுல 2015லயே ஓட ஆரம்பிச்ச மெட்ரோ எங்க பக்கத்து விம்கோ நகர் வந்து சேர 2021 ஆயிடுச்சு.

சொல்ல வந்ததை விட்டு எங்கியோ போறேன்னு நெனைக்காதீங்க, எல்லாம் ஒரே விஷயம்தான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சே, அப்போ கரண்ட் இல்ல, டவர் இல்ல, எண்ணூர்ல வெள்ளத்தோட எண்ணெயும் சேர்ந்து வந்து வீட்டுச் சுவத்துல கறுப்பா கோடு போட்டுச்சு, படகு, வலை எல்லாம் நாசம். அந்த வாரம் உங்க அட்டையில வேளச்சேரி கார் மிதக்குது. எண்ணூருக்கு உள்பக்கத்துல ஒரு மூலையில குட்டிப் படம். மலைக்கு டூர் போனாதான் சிக்னல் போகுமா? இன்னொரு தடவை காசிமேடு போட்டோவைப் போட்டு கீழ மெரினான்னு எழுதினீங்க, தப்புன்னு கடிதம் போட்டேன், ஒரு வரி திருத்தம்கூட வரல. ஆனா இங்க ஒரு வெட்டுக்குத்து நடந்தா மட்டும் தெரு பேரு, சந்து பேரு, வீட்டு வாசல் எல்லாம் பிழையில்லாம வந்துடுது, அந்த நிருபருக்கு மட்டும் வழி எப்படியோ தெரிஞ்சுபோவுது.

வழியே இல்லாமலும் இல்ல. வீட்டுல இன்ஜினியரிங் படிக்கிற பொண்ணு சொல்லுது, 2022 செப்டம்பர்ல ஓப்பன்ஏஐ கம்பெனிக்காரங்க விஸ்பர்னு பேச்சை எழுத்தாக்குற ஒரு மாடலை இலவசமா வெளிய விட்டாங்களாம், தமிழும் தெரியுமாம், நெட் இல்லாம ஓட்டலாமாம். அவ லேப்டாப்ல போட்டுக் காட்டினா. சின்ன மாடலுக்கு தமிழ் தகராறு, நான் "வஞ்சிரம் ரெண்டு கூடை"ன்னேன், அது பாட்டுக்கு வேற ஏதோ எழுதிக்கினு போச்சு. பெரிய மாடல் தேவலாம், ஆனா அது எங்க போன் தாங்காதாம். கிண்டி ஐஐடியில ஏஐ4பாரத்னு ஒரு குழு இந்திய மொழிப் பேச்சுக்காகவே மாடல் பண்ணி பொதுவுல வெச்சிருக்காங்க, தமிழும் அதுல இருக்கு. சார், அது உங்க ஆபீசுல இருந்து ஒரு பஸ் தூரம். நேரா போய், இதை சாதாரண ஆண்ட்ராய்டு போன்ல போட முடியுமா, எங்க வட சென்னைப் பேச்சு அதுக்குப் புரியுமான்னு ஒரு பேட்டி எடுத்துப் போட்டிருந்தா அது கட்டுரை. எங்கியோ இருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டுறதுக்கு ஒரு பக்கம் எதுக்கு?

இவ்ளோ கோவத்துக்கு நான் கேக்கப் போறது ரொம்பச் சின்ன விஷயம்தான். அடுத்த இதழ்ல ஒரு பெட்டிச் செய்தி போடுங்க. விலை கம்மியான நாலஞ்சு போனை எடுத்து, ஃபிளைட் மோட்ல போட்டு, தமிழ்ல பேசிப் பாத்து, எதுல எழுத்து விழுது, எதுல விழல, பேக் எத்தனை எம்.பி., வைஃபை இல்லாம மொபைல் டேட்டாவுலயே இறக்க எந்த பட்டனை மாத்தணும்னு எழுதுங்க. வைஃபையில மட்டும்தான் இறங்கும்னு ஒரு செட்டிங் உள்ள உக்காந்துக்கினு இருக்கு, எங்க குடியிருப்புல எத்தனை வீட்டுல வைஃபை இருக்குன்னு நெனைக்கிறீங்க.

ஜூன் 14 ராத்திரியோட மீன்பிடித் தடைக்காலம் முடியுது. அதுக்கு முன்னாடி வர்ற இதழ்ல போட்டா பையன் கரையில இருக்கும்போதே உக்காந்து செட் பண்ணிடுவோம், அப்பால போட்டீங்கன்னா அடுத்த நடை முடிஞ்சு வந்துதான் பாக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
காசிமேடு