கால் கிராண்ட்டும் அப்பாவின் பெயரும்

திருகோணமலை
ஒக்டோபர் 12

அன்புள்ள மச்சான்,

ஆவணியில் வந்த கடிதத்துக்கு ஐப்பசி பிறக்கப் போகிற நேரத்தில் பதில் எழுதுகிறேன். திட்டுவதென்றால் இந்த வரியிலேயே திட்டி முடி. கீழே அலுவல் இருக்கிறது.

இங்கே எல்லோரும் சுகம். சங்கிலி மாஸ்டர் இன்னும் அதே சைக்கிள்தான். கோட்டை வாசல் மான்கள் உன்னை விடக் கொழுத்துவிட்டன.

கால் கிராண்டுக்கு, அதாவது கலிபோர்னியா மாநிலம் மேற்படிப்புக்குத் தரும் உதவிப் பணத்துக்கு, மகளின் பள்ளிக்கூடமே அவளின் ஜிபிஏயை (பாடப் புள்ளிகளின் சராசரியை) மாநிலத்துக்கு அனுப்பிவிட்டது, ‘அப்ப அலுவல் முடிஞ்சுதுதானே’ என்று எழுதியிருக்கிறாய். முன்பு அங்கே பள்ளிக்கூடமொன்றில் கவுன்சிலர் (மாணவர் ஆலோசகர்) ஒபிசில் வேலை செய்தவன் சொல்கிறேன், முடியவில்லை. பாதிதான் முடிந்திருக்கிறது.

முன்பெல்லாம் பிள்ளையே படிவத்தைக் கொண்டுபோய், ஒபிசில் ஒப்பம் வாங்கி, மார்ச் 2க்குள் தபாலில் போட வேண்டும். மறந்த பிள்ளைக்குக் கால் கிராண்ட் இல்லை. 2014இல் வந்த சட்டம் அந்தச் சுமையைப் பள்ளியின் தலையில் வைத்தது. அரச பள்ளிகளும், அரச காசில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளும் 12ஆம் வகுப்புப் பிள்ளைகளின் ஜிபிஏயை ஒக்டோபர் 1க்குள் கலிபோர்னியா மாணவர் உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்பியாக வேண்டும், வேண்டாம் என்று வீட்டிலிருந்து எழுதிக் கொடுத்தாலொழிய. தனியார் பள்ளியை இந்தச் சட்டம் கட்டாது. தங்கச்சியின் மகன் படிப்பது அப்படியான இடம்தானே? நேரே போய்க் கேட்கச் சொல்லு.

‘ரிப்போர்ட்டில் 4.2, மாநிலத்துக்குப் போனதில் 3.7, பள்ளிக்கூடம் பிழைவிட்டுவிட்டது’ என்று குதித்திருக்கிறாய். பிழை இல்லை. கால் கிராண்ட் கணக்கில் 10ஆம், 11ஆம் வகுப்புகளும் அவற்றை அடுத்து வரும் இரண்டு கோடைகால வகுப்புகளும் மட்டுமே சேரும். 9ஆம் வகுப்பு இல்லை, உடற்பயிற்சிப் பாடம் இல்லை, ஏபி என்கிற கல்லூரித் தரப் பாடத்துக்கென்று கூட்டிப் போடும் புள்ளியும் இல்லை. 4.00க்கு மேல் போகவே முடியாது. கால் கிராண்டின் ஏ வகைக்கு 3.0, பி வகைக்கு 2.0 போதும், வருமான எல்லைக்குள் நீ நின்றால். ஆகவே 3.7க்காக அதிபரோடு சண்டைக்குப் போகாதே.

சண்டை பிடிக்க வேண்டிய இடம் வேறு. பெயர்.

பள்ளி அனுப்பும் பட்டியலில் சோஷல் செக்கியூரிட்டி நம்பர் (அமெரிக்க அரசு ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் இலக்கம்) சாதாரணமாக இருக்காது, சட்டமே அப்படித்தான். அப்போது அந்த ஜிபிஏயை மகளின் ஃபாஃப்சாவோடு (மத்திய அரசின் கல்வி உதவி விண்ணப்பத்தோடு) எதை வைத்துப் பொருத்துவார்கள்? பெயரும் பிறந்த திகதியும்தான் கை கொடுக்க வேண்டும். நம்முடைய பெயரோ அந்த ஊர்க் கட்டத்துக்குள் அடங்கிய பெயரா? இங்கே அப்பா பெயர் முன்னால், பிள்ளை பெயர் பின்னால். அங்கே குடும்பப் பெயர் கடைசியில். பள்ளியில் சேர்த்த அன்று யாரோ மாற்றிப் போட்டிருப்பார்கள். உன் அப்பாவின் பெயரோ கோயில் தேர்வடம் மாதிரி நீளம். ஒரு பதிவில் நடுவில் இடைவெளி, இன்னொன்றில் வால் அறுந்திருக்கும், மற்றொன்றில் T எழுத்துக்குப் பிறகு ஒரு H கூடியிருக்கும். ஆளுக்குக் குழப்பமில்லை, கம்பியூட்டருக்கு அவர்கள் மூன்று பிள்ளைகள்.

திகதியும் அப்படித்தான். மகள் மார்ச் 7. நம்முடைய பழக்கத்தில் 7/3 என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவள் அங்கே ஜூலை 3இல் பிறந்தவள்.

ஆகவே இந்தக் கிழமையே சோஷல் செக்கியூரிட்டி அட்டையை எடுத்து மேசையில் வை. அதிலுள்ள பெயர்தான் மூலம், ஃபாஃப்சா அதோடுதான் ஒத்துப் பார்க்கும். பள்ளியின் பதிவில் எப்படி இருக்கிறதென்று கவுன்சிலரிடம் எழுத்தெழுத்தாகக் கேட்கச் சொல்லு. அட்டை சரி, பள்ளி பிழை என்றால் பள்ளியில் திருத்தி மறுபடி அனுப்பச் சொல்லலாம். அட்டையே பிழை என்றால் முதலில் அட்டையைத் திருத்து. அது இழுபடும், அதனால்தான் இப்போதே சொல்கிறேன். ஃபாஃப்சா போட்ட பிறகு மகள் அந்த ஆணைக்குழுவின் வெப்கிராண்ட்ஸ் இணையத்தளத்தில் தன் கணக்கைத் திறந்து, விண்ணப்பமும் ஜிபிஏயும் இரண்டுமே வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தால் எங்கோ பெயர் முட்டுகிறது. பெப்ரவரி கடைசியில் பார்த்துப் பயனில்லை. மார்ச் 2க்கு முதல் எல்லாப் பிள்ளைகளும் கவுன்சிலர் ஒபிஸ் வாசலில்தான் நிற்பார்கள்.

ஃபாஃப்சாவுக்கு நீயும் தனியாக ஒரு கணக்குத் திறக்க வேண்டும். மகளின் கணக்குக்குள் புகுந்து அப்பாவுக்கும் ஒப்பம் போடுகிற வேலை வேண்டாம். வருமான விபரத்தை வரித் திணைக்களத்திலிருந்து நேரே எடுக்கச் சம்மதம் கேட்கும். வீட்டு விசயம் அவனுக்கு எதற்கு என்று மறுத்துவிடாதே. சம்மதம் இல்லாவிட்டால் மத்திய அரசின் காசு ஒரு சதமும் கிடையாது. இங்கே மஹாபொல புலமைப்பரிசிலுக்கு வருமானம் காட்ட ஜி.எஸ். (கிராம சேவகர்) வீட்டுக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடக்கிற சனத்தைக் கேட்டுப் பார், சம்மதம் என்று ஒரு தட்டுத் தட்டுவது எவ்வளவு சுகமென்று சொல்லும்.

கால் கிராண்ட் என்றால் கால்வாசிதான் தருவான் என்ற உன் பகிடிக்கு நான் சிரிக்கவில்லை. அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணத்தையே மூடக்கூடிய காசு அது.

அட்டையிலும் பள்ளியிலும் உள்ள பெயர்களைப் பார்த்து எழுதி அனுப்பு. பெயரை மட்டும்; நம்பரை எனக்கும் அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் கடைசி வாங்குக்காரன்