பாட்டுக்கு ஊரும் பேரும் உண்டு

ஆசிரியருக்கு,

நாட்டுப்புற இசைக் குழு ஒன்று, தனக்கு முன்னோடியாக விளங்கிய பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் இணைய வானொலியில் வாரந்தோறும் அறிமுகப்படுத்தி வருவது குறித்த தங்கள் நாளிதழின் செய்தியைப் படித்தேன். நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி 1985-இல் திரைப்படத்துக்கு வருமுன்பே அவருடைய குரலை மக்களிடம் கொண்டு சேர்த்தது அகில இந்திய வானொலிதான் என்பதால், குழு தேர்ந்த வழி பொருத்தமானதே. ஆனால், யாரிடமிருந்து கற்றோம் என்பதை ஊரும் பேரும் சொல்லி ஒலிபரப்பினால்தான் அந்த நன்றி உரியவரைச் சேரும்.

எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் நெடுங்காலம் உறுமி வாசித்து மறைந்த பெரியவர் ஒருவரின் பழைய ஒலிப்பதிவை (வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கையில் எழும் அந்த விம்மலைக் கேட்டதுமே ஆளைத் தெரிந்துவிட்டது) வேறோர் இணைய வானொலி ஒலிபரப்பியபோது, அறிவிப்பாளர் ‘பாரம்பரிய கிராமிய இசை’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டார், என் அருகில் அமர்ந்திருந்த, அந்தப் பெரியவரின் மகன் ஒன்றும் பேசவில்லை. எனவே, ஒவ்வொரு பதிவுக்கும் முன்பு கலைஞரின் பெயர், ஊர், வாத்தியம் ஆகியவற்றை அறிவிப்பதுடன், அதே விவரங்களோடு நிகழ்ச்சியைப் பின்னரும் கேட்கும்படி சேமித்து வைக்கவும் இக்குழு முன்வர வேண்டும்.

- வாசகர், திருநெல்வேலி மாவட்டம்